பழைய கடைக்குப் புதிய வாசல்

கொழும்புக் கோட்டை யோர்க் வீதியில் 1906 இல் திறக்கப்பட்ட கார்கில்ஸ் செங்கட்டடத்தின் கதவைவிடப் பெறுமதியானது, வீதியோரம் நீளும் அதன் வளைவுத் தாழ்வாரம். பொருள் வாங்காதவரும் வெயிலுக்கும் மழைக்கும் அங்கே ஒதுங்கலாம். இப்படியான கடைகளின் முகப்பைத் திருத்த நினைப்போருக்குக் கண்ணாடிக் கதவுதான் முதலில் கண்ணில் படும். தாழ்வாரத்தைக் காப்பதும் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுவதும் அதற்கு முந்தியவை. சாய்தளம் பழமையைக் கெடுக்கும் என்பார்கள். பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓரடி உயரும், கழற்றக்கூடிய மரச் சாய்தளம் ஒரு செங்கல்லையும் பெயர்க்காது. பொதுக் கட்டடங்களில் அணுகல் வசதி வேண்டுமென இலங்கையின் 2006 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளே சொல்கின்றன. உள்நாட்டுப் போரில் கால் இழந்தோர் பலர் வாழும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் புதிதாக எழும் கடைகளுக்கோ, பழமை என்ற சாட்டும் இல்லை.