கணினி விளையாட்டும் தோழமைக் குழாமும்

இவ்வாண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது, வழமைபோல் ஐவகை நிலங்களைப் பற்றியோ விருந்தோம்பலைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். கணினி விளையாட்டைப் பற்றி எழுதப்போகிறோம் என்றதும் ஒரு கணம் அமைதி நிலவியது. தாயகத்திலே பாடசாலை ஆசிரியராக இருந்து, இங்கு நோர்வேயிலே சனிக்கிழமைதோறும் உயிர்மெய் எழுத்துக் கற்பிக்கும் ஒருவர் எடுக்கத்தக்க பொருளா இது என்னும் ஐயம் அவர்களுக்கு எழுந்தது இயல்பே. ஆயினும், "சேர், எந்நேரமும் அந்தத் திரைக்கு முன்னாலேயே இருக்கிறான்" என்ற முறைப்பாட்டைக் கேளாது எமக்கு ஒரு சனிக்கிழமையும் கழிந்ததில்லை. ஆகவே இதனை விளக்குவது ஆசிரியப் பணிக்குப் புறம்பானதன்று என்று துணிந்தோம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எமக்கும் இவ்விளையாட்டுகளுக்கும் உள்ள உறவு முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. 1993 ஆம் ஆண்டு, கொழும்பிலிருந்து கிளாலிக் கடனீரேரி வழியாக யாழ்ப்பாணம் வந்த மாமா ஒருவர், கையடக்கமான ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். சதுரக் கட்டைகள் மேலிருந்து விழ, அவற்றைத் திருப்பித் திருப்பி வரிசையாக அடுக்கும் விளையாட்டு அது. வரிசை நிரம்பினால் மறைந்துவிடும். நிரம்பாவிடில் சுவர் உயர்ந்து ஆட்டம் முடியும். அக்காலத்தில் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. பற்றறியோ பொருளாதாரத் தடையின்கீழ் இருந்தது. வீட்டிலிருந்த இரண்டு பென்ரோர்ச் பற்றறிகளையும் காலையில் முற்றத்து வெயிலில் காயவைத்து, மாலையில் கால்மணி நேரம் விளையாடுவோம். அயல்வீட்டுப் பிள்ளைகள் ஐவர் எம்மைச் சுற்றி நின்று, "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று கூவுவர். பெட்டி ஒருவர் கையில், விளையாட்டு அறுவருக்கும். 1995 ஐப்பசி இடப்பெயர்வின்போது அது மேசை லாச்சியிலேயே தங்கிவிட்டது.

அந்த விளையாட்டின் மூலம் ரெற்றிஸ் என்பதையும், மொஸ்கோவிலிருந்த சோவியத் அறிவியற் கழகத்தின் கணினி நிலையத்திலே அலெக்சி பஜித்னொவ் என்பவர் 1984 இல் அதனை ஆக்கினார் என்பதையும் பிற்காலத்திலேதான் அறிந்தோம். அவர் பயன்படுத்திய கணினிக்குப் படம் வரையும் ஆற்றல் இல்லாமையால், அடைப்புக்குறிகளைக் கொண்டே கட்டைகளைக் காட்டினாராம். 1989 இல் யப்பானின் நின்டென்டோ நிறுவனம் அதனைத் தன் கையடக்கக் கருவியுடன் விற்று உலகெங்கும் பரப்பியது. எமக்குக் கிடைத்ததோ அதன் மலிவான நகல். ஆக்கியவருக்கு அதற்கான உரிமைப்பணம் 1996 இன் பின்னரே கிடைக்கத் தொடங்கியது என்பதும் ஈண்டு குறிப்பிடத்தக்கது.

கணினி விளையாட்டு மனிதரைத் தனிமைப்படுத்தவே பிறந்தது என்னும் எண்ணம் எம்மவரிடையே பரவலாக உண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1962 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்து இளைஞர் உருவாக்கிய 'ஸ்பேஸ்வோர்' இருவர் எதிரெதிரே ஆடுவது. 1972 இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பொங்' என்னும் பந்தாட்டமும் அவ்வாறே. 1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்திலே ரோய் ட்ரப்ஷோ என்னும் மாணவர் தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் தொடர்ந்து வளர்த்த ஆட்டமொன்றில் படமே இல்லை, எழுத்துகள் மாத்திரமே. ஆனால் பலர் ஒரே வேளையில் அதனுள் நுழைந்து உரையாடக்கூடியதாக இருந்தது. 1996 இல் 'குவேக்' என்னும் ஆட்டம் இணையத்தில் பரவியபோது, ஆடுவோர் தமக்குள் அணி சேர்ந்து, அணிக்குப் பெயரும் சூட்டிக்கொண்டனர். அவ்வணிகளையே 'கிளான்' என்றனர். இச்சொல் ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியிலிருந்து வந்தது. பிள்ளைகள் என்பதே அங்கு அதன் பொருள். வேறு சில ஆட்டங்களில் ஐரோப்பியக் கைவினைஞர் சங்கங்களின் பெயரால் 'கில்ட்' என்பர். நாம் இரண்டையும் குழாம் என்றே இக்கட்டுரையில் அழைப்போம்.

குழாம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கிளித்தட்டு ஆடியவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். கிளித்தட்டில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காவலர் உண்டு. ஒருவர் தம் கோட்டை விட்டு வீட்டுக்குப் போய்விட்டால் அவ்வணிக்கு அன்றைய ஆட்டம் இல்லை. 2004 இல் வெளிவந்த 'வேர்ள்ட் ஒவ் வோர்கிராஃப்ட்' என்னும் ஆட்டத்தில் ஐவர் சேர்ந்து குகையொன்றினுள் நுழைவர். ஒருவர் பகைவரின் அடியைத் தம்மேல் தாங்குவார், மூவர் தாக்குவர், எஞ்சிய ஒருவர் நால்வரின் காயங்களையும் ஆற்றியபடி நிற்பார். காயம் ஆற்றுபவர் அரை நிமிடம் அப்பால் திரும்பினால் அனைவரும் மடிவர். இடையில் நிறுத்திவைத்துப் பின்னர் தொடரவும் இயலாது. ஏனெனில் மற்றைய நால்வரும் வேறு வேறு ஊர்களில் தத்தம் வீட்டில் அமர்ந்திருக்கும் உண்மை மனிதர்.

இதனை நாம் அறிந்துகொண்டது ஒரு தவறு செய்த பின்னரேயாகும். 2020 பங்குனியில் பெருந்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. அப்போது எம் மகனுக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பிலே வாய் திறவாத பிள்ளை என்று அவனுடைய நோர்வீஜிய ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளாக எமக்குக் கூறிவந்தனர். ஓர் இரவு, சாப்பிட வருமாறு மூன்று முறை அழைத்தும் அவன் வராமையால், இணையப் பெட்டியின் மின்கம்பியை நாம் பிடுங்கிவிட்டோம். அவன் அழவில்லை, எம்மைத் திரும்பியும் பாராமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான். அன்று அந்த ஐவருள் காயம் ஆற்றுபவன் அவனே என்பது எமக்குத் தெரியாது.

மறுநாள் அவன் மன்னிப்புக் கேட்பதற்காகக் குழாத்தினுள் நுழைந்தபோது, நாம் கதவருகே நின்று கேட்டோம். பேர்கன் நகரத்துப் பஸ் சாரதி ஒருவர், குரலில் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "வீட்டில் எல்லோரும் சுகமா? நோய் ஏதும் இல்லையே?" என்றே கேட்டார். நால்வரும் முந்திய இரவு அரைமணி நேரம் அவனுக்காகக் காத்திருந்தனராம். அதற்கு எம் மகன் தடையின்றி, சரளமான நோர்வீஜிய மொழியில், இடையிடையே சிரித்தபடி மறுமொழி கூறிக்கொண்டிருந்தான். வகுப்பிலே வாய் திறவாத பிள்ளை இவன்தானா என்று திகைத்து நின்றோம். அன்று மாலை அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். இருபதாண்டு ஆசிரிய வாழ்வில் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எமக்கு இருந்ததில்லை; சொற்கள் எளிதில் வரவில்லை.

இந்நாட்டிலேயே இதற்குப் பெரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. ஒஸ்லோவில் வாழ்ந்த மட்ஸ் ஸ்டேன் என்னும் இளைஞர், தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் டுஷேன் நோயுடன் பிறந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தவாறு, கை விரல்களின் சிறு அசைவைக் கொண்டே மேற்சொன்ன வோர்கிராஃப்ட் உலகில் நெடுங்காலம் உலவினார். 2014 கார்த்திகையில், தமது இருபத்தைந்தாவது வயதில் அவர் காலமானார். தம் மகன் நட்பையோ அன்பையோ அறியாமலே மறைந்தான் என்று பெற்றோர் வருந்தினர். மகன் எழுதிவந்த இணையப் பக்கத்தில் தந்தையார் மரணச் செய்தியை இட்டபோது, ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் கடிதங்கள் வரத் தொடங்கின. 'ஸ்டார்லைட்' என்னும் குழாத்திலே 'இபெலின்' என்ற பெயரில் அவர் பலருக்கும் உற்ற நண்பராக இருந்திருக்கிறார். கணினியைப் பெற்றோர் பறித்துவிட்டமையால் தனித்துப்போன நெதர்லாந்துப் பெண்ணொருத்திக்காக, அவளுடைய பெற்றோருக்கே அவர் கடிதம் எழுதியிருந்தார். மகனுடன் நெருங்க இயலாது தவித்த டென்மார்க் தாயொருவருக்கு, ஆட்டத்தினுள் மகனைச் சந்திக்குமாறு வழி கூறியிருந்தார். குழாத்தினர் சிலர் வேறு நாடுகளிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்து அவருடைய இறுதிச் சடங்கில் பங்குபற்றினர்.

பெஞ்சமின் ரே இயக்கிய ஆவணப்படமாக இவ்வரலாறு 2024 இல் வெளிவந்தது. அவரை ஒரு புனிதராகக் காட்டாமல், தம் நோயை நெடுநாள் மறைத்ததையும், நண்பர் சிலரை நோகடித்துப் பின்னர் வருந்தியதையும் படம் மறைக்காது கூறுவதே எமக்குப் பிடித்தது. அப்படத்தை எம் மகனுடன் அமர்ந்து பார்த்தோம். நெதர்லாந்துப் பெற்றோருக்கு எழுதிய கடிதம் வந்த இடத்திலே அவன் எம் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். நாம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இவ்வாறு கூறுவதால் எல்லாம் நன்றே என்று பொருளன்று. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைநிலையை நோய்களின் பட்டியலிற் சேர்த்து, அது 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. கட்டுப்பாட்டை இழத்தல், ஏனைய அனைத்துக்கும் மேலாக விளையாட்டையே வைத்தல், கேடு கண்டும் விடாதிருத்தல் ஆகியவை பொதுவாக ஓராண்டு நீடித்தாலே அது நோய் எனப்படும். இரண்டு மணி நேரம் விளையாடும் பிள்ளையெல்லாம் நோயாளியல்லர். எமக்கு அதனிலும் அச்சம் தருவது, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டிகளைப் பணம் கொடுத்து வாங்கச் செய்யும் ஆட்டங்களே. அவை கோயில் திருவிழாவிற் கண்ட சூதாட்டக் கடையின் உடன்பிறப்புகள். ஐரோப்பாவில் விற்கப்படும் ஆட்டப் பெட்டிகளில் 3, 7, 12, 16, 18 என்று வயது அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண்ணையேனும் பாருங்கள். அதன்பின் பிள்ளையின் அருகே ஓர் இரவு அமர்ந்து, யாருடன் ஆடுகிறான் என்று கேளுங்கள். தோற்றவனைத் தூற்றுகிறார்களா, அல்லது இன்னொரு முறை முயல்வோம் என்கிறார்களா? பிள்ளையைத் தனியே அழைத்துப் பேச முற்படும் பெரியவர் எவரேனும் உளரா? படுக்கைக்குப் போகும் நேரம் வந்ததென்று சிறியவர்களை அனுப்பிவைப்பார் உளரா? அந்தப் பஸ் சாரதி இரவு பத்து மணிக்கு எம் மகனை அனுப்பிவிடுவார். எம் சொல்லைக் கேளாதவன் அவர் சொல்லைக் கேட்டான்.

எமக்கும் இப்போது ஒரு குழாம் உண்டு. பின்லாந்தின் சுப்பர்செல் நிறுவனம் 2012 இல் வெளியிட்ட 'கிளாஷ் ஒவ் கிளான்ஸ்' என்னும் ஆட்டத்திலே ஒரு குழாத்தில் ஐம்பதின்மர் வரை சேரலாம். கோட்டைக்குப் படை வேண்டுமென்று ஒருவர் கேட்டால், மற்றவர் வழங்குவர். எம் குழாத்தின் தலைவர் ரொறன்ரோவில் இருக்கிறார். 2003 இல், வன்னியிலே எட்டாம் வகுப்பில் எம் மாணவராக இருந்தவர். பாட வேளையில் மேசைக்குக் கீழே கட்டை விளையாட்டுப் பெட்டியை வைத்திருந்தமைக்காக அவரிடமிருந்து அதனைப் பறித்தோம். தவணை முடிவிலே திருப்பிக் கொடுத்தோம். இடைப்பட்ட இரவுகளில் விடுதி அறையிலே அதனை யார் விளையாடினார் என்பதை இருபது ஆண்டுகளின் பின் குழாத்தின் முன்னிலையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அவ்வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள் இருந்தனர். 2009 இன் பின் யார் எங்கே என்று அறிய எம்மிடம் வழி இருக்கவில்லை, இடாப்பும் போயிற்று. குழாத்தில் இன்று அவர்களுள் ஒன்பதின்மர் இருக்கின்றனர். இலண்டனில் இருவர், பாரிசில் ஒருவர், வவுனியாவில் மூவர், ஏனையோர் கனடாவில். வேறு நால்வரின் செய்தி அவர்கள் மூலம் கிடைத்தது. மற்றையோரைப் பற்றி ஆட்டம் ஓய்ந்த வேளைகளில் எவரேனும் கேட்பர்; தெரிந்தவர் மறுமொழி எழுதுவர், சில வேளைகளில் எவரும் எழுதுவதில்லை.

குழாப் போரிலே ஆயத்தத்துக்கு ஒரு நாள், போருக்கு ஒரு நாள். ஒவ்வொருவருக்கும் இரண்டு தாக்குதல்கள். சென்ற சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை முடிந்து, கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தபோது எம் தொலைபேசி ஒலித்தது. தலைவரின் செய்தி: "சேர், உங்கட ரெண்டாவது அடி இன்னும் மிச்சம் கிடக்கு. நாப்பது நிமிசந்தான் இருக்கு. பஸ்ஸில இருந்தாவது அடியுங்கோ."