வயது முதிர்ந்தும் ‘பெரியவர்’ ஆகாதவர்கள்

2021 மே மாதம், கொரோனா ஊரடங்குக் காலம். விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகிலுள்ள ஒட்டனந்தல் கிராமத்தில் தலித் முதியவர்கள் மூவர், ஊர்ப் பஞ்சாயத்தார் முன் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்க வைக்கப்பட்டனர். தங்கள் பகுதியில் நடந்த கோயில் விழாவில் ஊரடங்கு விதிகள் மீறப்பட்டன என்பது அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம். விதி மீறப்பட்டிருந்தால் அதை விசாரிக்கக் காவல் நிலையமும் நீதிமன்றமும் இருக்கின்றன. ஆனால் இங்கே தீர்ப்பளித்தது ஆதிக்கச் சாதிப் பஞ்சாயத்து. அந்தப் படம் பரவி நாடே பார்த்தது.

பெரியோர் காலில் விழுந்து வாழ்த்துப் பெறுவதைப் பண்பாடு என்று சொல்லிப் பெருமைப்படும் சமூகம் இது. அந்தச் சமூகத்தில், தலைநரைத்த மூவர் மண்ணில் விழுந்து கிடந்தனர். அவர்களுடைய வயது ஏன் அவர்களைக் காக்கவில்லை? இக்கேள்விக்கு விடை காண, முதுமைக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

உடைமையும் மதிப்பும்

மேலை நாட்டவர் முதியோரைக் கைவிடுகிறார்கள், கீழை நாட்டவர் போற்றுகிறார்கள் என்பது நாம் பள்ளி மேடைகளில் கேட்டுப் பழகிய வாசகம். ஆய்வுகள் இவ்வளவு எளிய விடையைத் தருவதில்லை. அமெரிக்க அறிஞர் லியோ சிம்மன்ஸ் 71 பழங்குடிச் சமூகங்களைப் பற்றிய பதிவுகளை ஒப்பிட்டு 1945இல் ஒரு நூலை வெளியிட்டார். முதியோரின் மதிப்பு அவர்கள் கையிலிருக்கும் உடைமை, அறிவு, சடங்கு அதிகாரம் ஆகியவற்றைச் சார்ந்தே ஏறி இறங்குகிறது என்பது அதிலிருந்து தெளிவாகிறது. கென்யாவின் சம்புரு மேய்ச்சல் சமூகத்தில் திருமணங்களை முடிவு செய்யும் அதிகாரம் மூத்தோரிடம் இருந்தது. இளைஞர்கள் திருமணத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தனர். மூத்தோர் சொல் அங்கே அம்பலம் ஏறியதற்கு அந்த அதிகாரமும் காரணம்.

முதியோரைப் போற்றும் மரபுக்குப் பெயர்பெற்ற நாடுகளும் மரபை மட்டும் நம்பி இருக்கவில்லை. முதியோரை மதிக்கும் நாளை 1966 முதல் தேசிய விடுமுறையாகக் கொண்டாடும் ஜப்பான், 2000ஆம் ஆண்டில் முதியோர் பராமரிப்புக்கெனக் கட்டாயக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைகள் அவர்களை அடிக்கடி சென்று பார்க்க வேண்டும் என்று சீனா சட்டத்திலேயே எழுதியது. அது 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் இத்தகைய ஒப்பீடுகளில் ஒரு குறை உண்டு. ஒரு சமூகத்தின் முதியோர் அனைவரையும் ஒரே கூட்டமாக அவை எடுத்துக்கொள்கின்றன. பிறப்பால் அடுக்கப்பட்ட சமூகத்தில் முதுமையும் அடுக்கப்பட்டதாகவே இருக்கிறது.

நூறு வயது மகன்

மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. பத்து வயதுப் பார்ப்பனச் சிறுவனையும் நூறு வயதுச் சத்திரியரையும் தந்தையும் மகனுமாகக் கருத வேண்டும். அவர்களில் பார்ப்பனச் சிறுவனே தந்தை. சூத்திரருக்கோ தொண்ணூறு வயதைக் கடந்த பிறகுதான் மதிப்பு. சூத்திரருக்கும் கீழே தள்ளப்பட்டவர்களுக்கு அந்த இடத்தில் எந்த வயதும் குறிக்கப்படவில்லை. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் எரிக்கப்பட்ட நூல் இதுதான். நூல் எரிந்தது, அதன் கணக்கு எரியவில்லை. நம் ஊர்களில் ஆதிக்கச் சாதிச் சிறுவன் தலித் முதியவரைப் பெயர் சொல்லி, ‘வாடா, போடா’ என்று அழைப்பதும், அந்த முதியவர் அச்சிறுவனை ‘சின்னய்யா’ என்று விளிப்பதும் அதே கணக்கின் தொடர்ச்சி.

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் நிறவெறி இதே வழியில் நடந்தது. நரைத்த கறுப்பின ஆண்களை வெள்ளையர்கள் ‘பையா’ என்று அழைத்தனர். வயது மிகுந்தவர்களை மாமா, அத்தை என்னும் பொருள்படும் சொற்களால் அழைத்தனர். அது உறவு பாராட்டியதால் அன்று. திரு, திருமதி என்னும் மரியாதை அடைமொழிகளைத் தவிர்ப்பதற்காக. 1963இல் அலபாமா நீதிமன்றம் ஒன்றில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் போராளியை அரசு வழக்கறிஞர் வெறும் பெயரால் அழைத்தார். ‘செல்வி ஹாமில்டன்’ என்று அழைத்தால்தான் விடையளிப்பேன் என்று அவர் மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று கூறி அவருக்கு ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. விளிப்பு முறை உரிமைப் பிரச்சினை என்பதற்கு அவ்வழக்கு சான்றாக நிற்கிறது.

இங்கே நம் கையிலுள்ள கருவி, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதன் பிரிவு 3(1)(ஆர்), பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்துடன் அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது அடுத்த உட்பிரிவான 3(1)(எஸ்)இல் வருகிறது. ஆகவே, ‘சாதிப் பெயரைச் சொன்னார்களா?’ என்று மட்டும் கேட்டுப் புகாரைத் திருப்பி அனுப்புவது சட்டப்படி சரியன்று. அதே வேளையில், அவமதிப்பு சாதியின் காரணமாகவே நிகழ்ந்தது என்பதை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டியிருக்கிறது. எனவே நடந்த இடம், பார்த்த சாட்சிகள், சொல்லப்பட்ட சொற்கள் ஆகியவற்றைப் புகாரிலேயே முழுமையாக எழுத வேண்டும்.

சொத்தில்லாதவரின் முதுமை

விளிப்பில் தொடங்கும் இழிவு வயிற்றிலும் தொடர்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் நல்ல சட்டமே. பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற அது வழிசெய்கிறது. கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையின் பேரில் எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்கத் தவறினால் மீட்டுத் தருகிறது அதன் 23ஆம் பிரிவு. ஆனால் எழுதிக் கொடுக்க ஒரு சென்ட் நிலமும் இல்லாதவருக்கு அப்பிரிவால் என்ன பயன்? மகனும் அன்றாடக் கூலியாக இருக்கையில் யாரிடம் எவ்வளவு கேட்பது? நிலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக விலக்கி வைக்கப்பட்டவர்களுக்கு, முதுமையில் மதிப்பைத் தரும் உடைமையும் முன்பே மறுக்கப்பட்டுவிட்டது.

முதுமையை எட்டுவதே சமமாக இல்லை. ஒன்பது மாநிலங்களின் தரவுகளைக் கொண்டு 2022இல் வெளியான ஓர் ஆய்வு, தலித் மக்களின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு உயர்சாதி இந்துக்களைவிட மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறைவு என்றும், அதற்குப் பொருளாதார நிலை மட்டும் காரணமன்று என்றும் காட்டியது.

உடைமையற்றவருக்கு எஞ்சியிருப்பது ஓய்வூதியம். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1962இல் தொடங்கியது. 2023இல் தொகை மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையிலானோர்க்கு ஒன்றிய அரசு தரும் பங்கு, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மாதம் 200 ரூபாயாகவே நிற்கிறது. இதைப் பெறவும் தம் வறுமையை அலுவலகம் அலுவலகமாக ஏறி மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

ஓய்வூதியம் என்ன செய்யும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சான்று. 1928இல் அங்கே தொடங்கிய முதியோர் ஓய்வூதியத்தில் கறுப்பின ஆப்பிரிக்கர்களுக்கு இடமில்லை. 1944இல் இடம் கிடைத்தும் தொகை மிகக் குறைவாக இருந்தது. 1993இல்தான் அனைவருக்கும் ஒரே தொகை என்ற நிலை வந்தது. அதன்பின் ஏழைக் குடும்பங்கள் பலவற்றில் பாட்டியின் ஓய்வூதியமே நிலையான வருமானமாயிற்று. ஓய்வூதியம் பெறும் பாட்டியோடு வாழ்ந்த பேத்திகளின் உடல் வளர்ச்சி மேம்பட்டதைப் பொருளியல் அறிஞர் எஸ்தர் டஃப்லோவின் ஆய்வு காட்டியது. உரிமையாக வந்த பணம், சுமையாகக் கருதப்பட்ட மூதாட்டியை வீட்டைத் தாங்கும் தூணாக்கியது.

நம் கோரிக்கைகளும் இங்கிருந்தே எழ வேண்டும். முதுமையில் அரசின் உதவி பெறும் உரிமைக்கு வழிசெய்யுமாறு அரசியலமைப்பின் 41ஆம் உறுப்பு அரசை நெறிப்படுத்துகிறது. ஆதரவற்றோருக்கான இரக்கத் தொகையாக இருக்கும் ஓய்வூதியம், உழைத்து ஓய்ந்தோர் அனைவருக்குமான உரிமையாக வேண்டும். விலைவாசிக்கேற்ப அது உயர வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்துகளின் அவமதிப்புகள் மீது, படம் பரவும்வரை காத்திராமல் உடனே வழக்குப் பதிய வேண்டும்.

என்னிடம் வழக்குக்காக வரும் முதியவர்கள் சிலர், நாற்காலி காலியாக இருந்தாலும் நின்றுகொண்டேதான் பேசுவார்கள். ‘உட்காருங்கள் ஐயா’ என்று இருமுறை, மும்முறை சொல்ல வேண்டியிருக்கும். அந்த நாற்காலியில் அவர்கள் கேட்காமலே அமரும் நாள் வரும்வரை, முதியோரைப் போற்றும் மரபு நம்முடையது என்று நாம் பெருமை பேச முடியாது.