போய் வா என்கிறார் முதலாளி!

"பேப்பரெல்லாம் சரியா இருக்குதுங்களா?" கேட்பவர் ஓட்டுநர்.

"அதெல்லாம் புரோக்கர் பார்த்துக்குவாரு. நீ போய் வா!" சொல்பவர் முதலாளி.

நாமக்கல்லிலே, சங்ககிரியிலே, திருச்செங்கோட்டிலே, விடிந்தும் விடியாத வேளையிலே லாரி நிற்கும் இடங்களில் காதில் விழும் பேச்சு இது. இரண்டே வரி. ஆனால் தோழர்களே, அந்த இரண்டு வரிக்குள்ளே ஒரு தொழிலாளியின் கூலி இருக்கிறது. சில வேளை அவன் குடும்பத்தின் எதிர்காலமே இருக்கிறது!

புறப்படுகிறது லாரி. நாகபுரியைத் தாண்டியதும் கைகாட்டி நிறுத்துகிறார் அதிகாரி. கையிலுள்ள கருவியிலே வண்டி எண்ணைத் தட்டுகிறார். எஃப்.சி. முடிந்து பதினோரு நாள்! முதலாளி எங்கே? நாமக்கல்லிலே. புரோக்கர் எங்கே? ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலிலே. வெயிலிலே, மொழி தெரியாத ஊரிலே, பிடித்து வைத்த வண்டிக்குக் காவலாக நிற்பவர் யார்? "இருக்குதுங்களா?" என்று கேட்ட அதே ஓட்டுநர்! ஓடினால்தானே அவருக்குக் கூலி? நின்ற நாளுக்கு யார் தருவார் பேட்டா?

எஃப்.சி. முடிந்தால் என்ன, ஆர்.சி. புத்தகந்தான் இருக்கிறதே என்பார் சிலர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. தகுதிச் சான்று இல்லாத சரக்கு வண்டி, பதிவே செய்யப்படாத வண்டியாகக் கருதப்படும் என்கிறது அது. பெர்மிட் இல்லாவிட்டாலோ, 2019-இல் திருத்தப்பட்ட 192-ஏ பிரிவு காத்திருக்கிறது: முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. யாருக்கு? ஓட்டச் செய்பவருக்கும் உண்டு, ஓட்டுபவருக்கும் உண்டு. சட்டம் இருவரையும் ஒரே வரியிலே எழுதிவிட்டது. சாலை மட்டும் ஒருவரைத்தான் பிடிக்கிறது!

தேதிகளிலேதான் இருக்கிறது சூழ்ச்சி. நேஷனல் பெர்மிட் ஐந்தாண்டுக்கு உரியது என்று நிம்மதியாக இருப்பார் முதலாளி. ஆனால் அதனோடு சேர்ந்த அங்கீகாரம் ஓராண்டுக்குத்தான். ஆண்டுதோறும் 16,500 ரூபாயும், அங்கீகாரக் கட்டணம் 1,000 ரூபாயும் கட்டியாக வேண்டும். பெர்மிட் உயிரோடிருக்கும், அங்கீகாரம் செத்திருக்கும்! எஃப்.சி.யும் அப்படியே. வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு ஆண்டுதோறும். எட்டாண்டுப் பழக்கத்திலே ஒன்பதாம் ஆண்டை மறந்துவிட்டவர் எத்தனை பேர்! இன்சூரன்ஸ் ஆண்டுக்கு ஒருமுறை, ரோடு டாக்ஸ் காலாண்டுக்கு ஒருமுறை, புகைச் சான்றுக்கு வேறொரு தேதி. பத்து லாரி வைத்திருப்பவரிடம் ஐம்பதுக்கு மேற்பட்ட தேதிகள் ஓடுகின்றன. அத்தனையையும் புரோக்கரின் நினைவாற்றலை நம்பி விட்டிருக்கிறார்கள்.

(எஃப்.சி. அன்று மட்டும் நல்ல டயர் மாட்டி, மறுநாள் பழைய டயருக்கே திரும்பும் வித்தை தெரிந்தவர்களும் உண்டு. அவர்களுடைய காகிதம் சரியாகத்தான் இருக்கும். பிரேக்கை மிதிப்பவர்தான் பயந்துகொண்டே மிதிப்பார்.)

எல்லாவற்றிலும் கொடியது இன்சூரன்ஸ் தேதி தவறுவது. அபராதம் இருக்கட்டும், முதல் தடவை 2,000 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நேர்ந்தால்? பெர்மிட் இல்லாமல் ஓடிய லாரி ஒன்றின் வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2018-இலே தீர்ப்பாயிற்று. இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவர்களுக்கு முதலில் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது மன்றம். பெர்மிட் இல்லாத வண்டியாலே பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக்கூட ஒரு வழி பிறந்தது. ஏன்? இன்சூரன்ஸ் இருந்தது! அதுவே இல்லையென்றால் முதலில் கொடுப்பது யார்? பிறகு கொடுப்பதுதான் யார்? தீர்ப்பைக் கையிலே வைத்துக்கொண்டு, கடனில் மூழ்கிய உரிமையாளரின் வாசலுக்கு நடக்க வேண்டியதுதான். அந்த வரிசையிலே ஓட்டுநரின் மனைவியும் நிற்பாள். ஏனெனில் சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநருக்கான இழப்பீடும் அதே இன்சூரன்ஸிலேதான் அடங்கியிருக்கிறது.

ஒற்றை லாரிக்காரரை நாம் இந்தக் கூண்டிலே ஏற்றவில்லை. தானே ஓட்டுநர், தானே முதலாளி. வட்டிக்கு வாங்கிய வண்டி. தவணை கட்டிய கையோடு இன்சூரன்ஸும் கட்ட முடியாமல் தவிப்பவர். அவருடைய கஷ்டம் வேறு. நாம் பேசுவது, இருபது வண்டியும் புக்கிங் ஆபீஸும் வைத்துக்கொண்டு, "மறந்துட்டேனப்பா" என்பவரைப் பற்றி. அவர் எதை மறக்கிறார், எதை மறப்பதில்லை என்று பாருங்கள். ஊரார் சரக்கைக் கூலிக்கு ஏற்றும் நிறுவனம், 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். அது சட்டம் போட்டு, கண்ணாடிக்குள்ளே சுவரிலே தொங்குகிறது!

தொழிலாளிக்கான பதிவு எங்கே தொங்குகிறது? 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இருந்தது. ஐந்து பேர் வேலை செய்தாலே நிறுவனம் பதிவாக வேண்டும். வேலை நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்றது அது. இரண்டு இரவு தொடர்ந்து ஓட்டிய தோழர் இதைப் படித்தால் சிரிப்பார். அந்தச் சட்டமும் இன்று தனியே இல்லை; 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலே கரைந்துவிட்டது. கரைந்தபோது ஐந்து என்பது பத்து ஆயிற்று. பத்துப் பேர் இருந்தால் பதிவு உண்டு, நியமனக் கடிதம் உண்டு. ஒன்பது பேர் இருந்தால்? தன் பெயரிலே நான்கு வண்டி, மனைவி பெயரிலே நான்கு, மைத்துனர் பெயரிலே மூன்று என்று பிரித்து எழுதத் தெரியாதா நம் முதலாளிகளுக்கு?

ஆனாலும் ஒன்று மாறியிருக்கிறது. காகிதம் முதலாளியின் பீரோவிலே இருந்த காலம் போய்விட்டது. எம்-பரிவாகன் செயலியிலே வண்டி எண்ணைத் தட்டினால் எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று தேதிகள் ஓட்டுநரின் கைபேசியிலேயே தெரிகின்றன. சோதனையின்போது அதையே காட்டலாம் என்று 2018-இலேயே விதி திருத்தப்பட்டது. ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலே சுங்கச்சாவடிக் கேமராவே தேதியைப் பார்த்துச் சலான் எழுதுகிறது. கேமரா பார்ப்பதற்கு முன்னால் நாம் பார்த்தால் என்ன?

"கேட்டால் வேலை போய்விடுமே" என்கிறீர்களா? தனியே கேட்டால் போகலாம். ஸ்டாண்டிலே இருக்கும் பதினைந்து பேரும், சாவி வாங்குமுன் கைபேசியை எடுப்பது வழக்கம் என்று வைத்துக்கொண்டால், யாரை அனுப்புவார் வீட்டுக்கு?

சாவியை நீட்டுகிறார் முதலாளி. கைபேசியை நீட்டுகிறார் ஓட்டுநர்.

"இன்சூரன்ஸ் வெள்ளிக்கிழமையோட முடியுதுங்க. லோடு இறக்க ஞாயித்துக்கிழமை ஆயிரும். கட்டிட்டுச் சொல்லுங்க, கிளம்பறேன்."