வீட்டுத் தச்சுப் பட்டறைக்குச் சிறிய சிஎன்சி ரவுட்டர்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

புதுடெல்லி: மரச் செதுக்கலுக்குப் புகழ்பெற்ற உத்தரப் பிரதேச மாநிலம் சஹாரன்பூரில், தலைமுறைகளாக உளியும் கொட்டாப்புளியும் உருவாக்கிய பூவேலைப்பாடுகளை இப்போது கணினி வழி இயங்கும் இயந்திரங்களும் செதுக்குகின்றன. ஒரு காலத்தில் பெரிய தொழிற்சாலைகளுக்கே உரியதாக இருந்த இந்த இயந்திரத்தின் சிறிய வடிவம், இன்று வீட்டின் ஓர் அறையில் மேசை மீது வைக்கக்கூடிய அளவில் கிடைக்கிறது. விலை சில பத்தாயிரம் ரூபாயில் தொடங்கிப் பல லட்சம் ரூபாய் வரை செல்கிறது.

இந்த விலை வேறுபாட்டுக்கான காரணம் விளம்பரப் படங்களில் தெரிவதில்லை. கடன் பெற்று வாங்கும் தச்சருக்கு, பொருந்தாத இயந்திரம் பட்டறையின் மூலையில் கிடந்தாலும் மாதத் தவணை நிற்பதில்லை. எனவே வாங்குவதற்கு முன் எவற்றைக் கேட்டறிய வேண்டும் என்பதை இங்கே காணலாம்.

சிஎன்சி ரவுட்டர் என்பது என்ன?

தச்சர்கள் கையில் பிடித்து விளிம்பு வெட்டவும் பள்ளம் எடுக்கவும் பயன்படுத்தும் ரவுட்டரையே, கணினியின் கட்டளைப்படி மூன்று திசைகளில் நகர்த்தும் அமைப்புதான் சிஎன்சி ரவுட்டர். வரைபடம் கணினியில் தயாரிக்கப்படுகிறது. வெட்டும் பாதை, வேகம், ஆழம் ஆகியவை கட்டளைகளாக மாற்றப்பட்டு இயந்திரத்துக்கு அனுப்பப்படுகின்றன. ஒரே வடிவத்தைப் பலமுறை பிசகாமல் வெட்டித் தருவது இதன் முக்கியப் பயன்.

அளவை முடிவு செய்வது எப்படி?

மேசை மாதிரிகளில் பரவலாக விற்கப்படும் ‘3018’ என்ற வகையின் பெயரே அதன் வெட்டுப் பரப்பைக் குறிக்கிறது: 300 மி.மீ. நீளம், 180 மி.மீ. அகலம். பெயர்ப் பலகை, சாவிக் கொத்து, சிறு பொம்மைப் பாகங்கள் ஆகியவற்றுக்கு இது போதும். கதவுப் பலகைக்கோ கட்டில் தலைப்பலகைக்கோ போதாது. மறுபுறம், 2440 மி.மீ. நீளமும் 1220 மி.மீ. அகலமும் கொண்ட முழு பிளைவுட் தகட்டை ஏற்கும் இயந்திரம் வீட்டு அறையில் அடங்காது.

கடந்த ஓராண்டில் செய்த வேலைகளைப் பட்டியலிட்டு, அவற்றில் அடிக்கடி வந்த அளவைக் கணக்கிடுவதே சரியான தொடக்கம். எப்போதாவது வரும் நீண்ட பலகைக்காகப் பெரிய இயந்திரம் தேவையில்லை. முன்னும் பின்னும் திறந்த அமைப்பு இருந்தால், பலகையைத் தள்ளி வைத்துப் பகுதி பகுதியாக வெட்டலாம். மேலும் கீழும் நகரும் தொலைவையும் மறவாமல் கேட்க வேண்டும். பலகையின் கனமும் பிட்டின் நீளமும் அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்க வேண்டும்.

சட்டத்தின் உறுதி ஏன் முக்கியம்?

வெட்டும்போது மரம் பிட்டை எதிர்த்துத் தள்ளுகிறது. சட்டம் வளைந்தால் விளிம்பில் அலை போன்ற தடம் விழும். ஒரே தடிமனுள்ள குறுக்குத் தண்டின் நீளத்தை இரு மடங்காக்கினால், அதே விசைக்கு அது எட்டு மடங்கு வளையும் என்பது பொறியியல் கணக்கு. ஆகவே, மெல்லிய சட்டத்தை நீட்டி ‘பெரிய பரப்பு’ என்று விற்கப்படும் இயந்திரத்தைவிட, கனமான சட்டம் கொண்ட சிறிய இயந்திரம் மேலானது. ஷீஷம், தேக்கு போன்ற மரங்களில் வேலை செய்வோருக்கு இது மேலும் பொருந்தும்.

நகர்த்தும் முறையும் கவனத்துக்குரியது. பல் பெல்ட் வேகமானது, விலை குறைந்தது. ஆனால் அழுத்தத்தில் சற்று நீளும். சாதாரண திருகுத் தண்டு மெதுவானது. தேயத் தேய, திசை மாறும்போது சிறு தளர்வு தோன்றும். இதனால் வட்டம் முழு வட்டமாக அமையாது. ‘பால் ஸ்க்ரூ’ எனப்படும் குண்டுத் திருகுத் தண்டு துல்லியமும் உறுதியும் கொண்டது, விலை அதிகம்.

அதிக வாட் ஸ்பிண்டில் போதுமா?

பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலின் திறனை மட்டும் பார்த்து வாங்குவது பரவலான தவறு. சுழலும் வேகமும் நகரும் வேகமும் பொருந்த வேண்டும். பிட்டின் ஒவ்வொரு வெட்டுமுனையும் சுற்றுக்கு ஒரு சீவலை எடுக்கிறது. வெளியேறும் சீவல் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது.

எடுத்துக்காட்டாக, இரு வெட்டுமுனை கொண்ட பிட் நிமிடத்துக்கு 18,000 முறை சுழல்கிறது; ஒவ்வொரு முறையும் 0.1 மி.மீ. சீவல் தேவை என்று கொள்வோம். அதற்கு இயந்திரம் நிமிடத்துக்கு 3,600 மி.மீ. நகர வேண்டும். இயந்திரத்தால் 1,000 மி.மீ. மட்டுமே நகர முடிந்தால், சீவல் 0.03 மி.மீ.-க்கும் கீழே குறைகிறது. பிட் வெட்டுவதற்குப் பதிலாக உரசுகிறது. மரம் கருகுகிறது, பிட் மழுங்குகிறது.

அதே இயந்திரத்தில் ஒற்றை வெட்டுமுனை பிட்டைப் பொருத்தி, வேகத்தை 10,000 சுற்றாகக் குறைத்தால் சீவல் மீண்டும் 0.1 மி.மீ. ஆகிறது. ஆகவே, ‘எத்தனை வாட்?’ என்பதோடு, ‘சுழல் வேகத்தைக் குறைக்க இயலுமா? வெட்டும்போது நிமிடத்துக்கு எவ்வளவு நகரும்?’ என்ற கேள்விகளையும் விற்பனையாளரிடம் கேட்க வேண்டும்.

மின்தடை ஏற்பட்டால் என்ன ஆகும்?

சிறிய இயந்திரங்களில் பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டார்களே உள்ளன. பொதுவாக இவை தாம் எங்கு நிற்கிறோம் என்பதைத் தாமே சரிபார்ப்பதில்லை. மூன்று மணி நேர வேலையின் நடுவே மின்சாரம் நின்றால், இயந்திரம் தன் இருப்பிடத்தை இழந்துவிடும். ‘ஹோமிங் சுவிட்ச்’ பொருத்தப்பட்டிருந்தால், மின்சாரம் திரும்பியதும் இயந்திரம் தொடக்கப் புள்ளியைக் கண்டறிந்து, விட்ட இடத்திலிருந்து தொடர வழியுண்டு. அது இல்லையெனில் பலகை வீணாக வாய்ப்பு அதிகம். அவசரகால நிறுத்தப் பொத்தானும் கட்டாயம் இருக்க வேண்டும்.

விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள் எவை?

2.2 கிலோவாட் ஸ்பிண்டில் முழுத் திறனில் இயங்கினால், 230 வோல்ட்டில் சுமார் 10 ஆம்பியர் மின்னோட்டம் தேவைப்படும். அதன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். எனவே 16 ஆம்பியர் தனி இணைப்பும் முறையான நில இணைப்பும் தேவை. வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை இதற்குப் போதுமானதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது தூசி. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசியை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துள்ளது. எம்டிஎஃப் பலகையின் தூசி மிக நுண்ணியது. குடும்பத்தினர் வசிக்கும் வீட்டில் இயந்திரம் வைப்போர், தூசி உறிஞ்சும் கருவியையும் முகக்கவசத்தையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். மழுங்கிய பிட்டின் உரசலால் மரத்தூள் கனன்று தீப்பிடிக்கவும் கூடும்; இயங்கும் இயந்திரத்தை விட்டு அகலக் கூடாது.

பிட்டுகள் தொடர் செலவாகும். மென்பொருளைப் பொறுத்தவரை, ஃப்ரீகேட், இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருள்களில் தொடங்கலாம். இயந்திரம் வருவதற்கு முன்பே அவற்றைப் பழகிப் பார்ப்பது, இந்த வேலை தமக்கு ஒத்துவருமா என்பதைச் செலவின்றி உணர்த்தும்.

கடனில் வாங்குவோர் கவனிக்க வேண்டியது

மத்திய அரசு 2023 செப்டம்பர் 17-ஆம் தேதி தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் இடம்பெற்ற 18 தொழில்களில் தச்சுத் தொழிலும் ஒன்று. இதில் 5 சதவீத வட்டியில், பிணையின்றி, முதல் தவணையாக 1 லட்சம் ரூபாயும் இரண்டாம் தவணையாக 2 லட்சம் ரூபாயும் வரை கடன் வழங்கப்படுகிறது. கைத்தொழில் புரிவோருக்கான திட்டம் என்பதால், இயந்திரம் வாங்க எண்ணுவோர் விதிகளை வங்கியில் முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது நல்லது.

2 லட்சம் ரூபாயை 5 சதவீத வட்டியில் 30 மாதங்களில் திருப்பிச் செலுத்த, மாதம் ஏறத்தாழ 7,100 ரூபாய் தேவைப்படும். பிட், மின்சாரம், பலகைச் செலவு போக அந்தத் தொகையை இயந்திரம் ஈட்டுமா என்பதே வாங்குபவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. கையில் உறுதியான வேலை இல்லாதவர்கள், அருகிலுள்ள சிஎன்சி பட்டறையில் கூலி கொடுத்துச் சில மாதங்கள் வெட்டி வாங்கிப் பார்க்கலாம். கூலிச் செலவு தவணைத் தொகையைத் தொடர்ந்து மிஞ்சும்போது வாங்கினால் இழப்பு அச்சம் குறையும்.

பணம் செலுத்துவதற்கு முன், தாம் வழக்கமாகப் பயன்படுத்தும் மரத்துண்டு ஒன்றை எடுத்துச் சென்று, ஒரு வட்டத்தையும் ஒரு சதுரத்தையும் வெட்டித் தருமாறு விற்பனையாளரிடம் கேட்கலாம். சதுரத்தின் இரு மூலைவிட்டங்களும் சமமாக இருக்கின்றனவா, வட்டத்தின் விட்டம் எல்லாத் திசைகளிலும் ஒன்றாக உள்ளதா, விளிம்பு கருகியுள்ளதா என்பதைச் சாதாரண அளவுகோலும் கண்களுமே சொல்லிவிடும். வெட்டிக் காட்டத் தயங்குபவரிடம் வாங்காமல் இருப்பதே நலம்.