தரகரின் 'மேல்செலவு': அட்வான்ஸுக்கு முன்பே பேசி முடியுங்கள்

பேரணாம்பட்டு பக்கம் ஓர் ஏக்கர் நிலம் வாங்கப் போகிறீர்கள். விலை 20 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தரகர் 2 சதவீத கமிஷன் கேட்கிறார். அதாவது 40,000 ரூபாய். சரி என்று அட்வான்ஸும் கொடுத்துவிட்டீர்கள். அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக வரும்: பத்திரச் செலவு, சர்வேயர் செலவு, பட்டா மாற்றும் செலவு, 'ஆபீஸில் கவனிக்கும்' செலவு. கடைசியில் கூட்டிப் பார்த்தால் இவை கமிஷனையே தாண்டிவிடுவதும் உண்டு.

விவசாய நிலத் தரகுக்கு அரசு நிர்ணயித்த விகிதம் எதுவும் இல்லை. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்பதெல்லாம் வழக்கம்தான், பேசிக் குறைக்கலாம். 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களை விற்கும் முகவர்கள் பதிவு செய்ய வேண்டும். வயலும் தோப்பும் முடித்துக் கொடுக்கும் உள்ளூர்த் தரகர் பெரும்பாலும் அதற்குள் வருவதில்லை. எனவே எழுதி வாங்கும் சீட்டுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

முதலில் அரசுக்குப் போகும் பணத்தைத் தனியே பிரியுங்கள். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கணக்கு. 20 லட்சத்துக்கு 1,80,000 ரூபாய். இதைப் பதிவுத்துறை இணையதளத்தில் நேரடியாகவே கட்டலாம். தரகர் கையில் தர வேண்டியதில்லை. வழிகாட்டி மதிப்பும் வில்லங்க விவரமும் அதே தளத்தில் பார்க்கலாம். முழு சர்வே எண்ணையும் வாங்குகிறீர்கள், விற்பவர் பெயரிலேயே பட்டா இருக்கிறது என்றால், பதிவுக்குப் பிறகு பட்டா தானாகவே மாறும் வசதி இருக்கிறது. அதற்கு எதற்குத் தனிச் செலவு என்று கேளுங்கள்.

இதைவிடப் பெரியது, கண்ணுக்குத் தெரியாத 'வித்தியாசப் பணம்'. விற்பவரிடம் 18, உங்களிடம் 20 என்று சொல்லி நடுவில் இரண்டு லட்சம் நிற்கும். விற்பவரை நேரில் பார்க்காமல் விலை முடிக்காதீர்கள். பார்க்க விடமாட்டேன் என்கிற தரகரை விட்டுவிடுவதே மேல்.

ஒரு செலவை மட்டும் குறைக்கக் கூடாது. அது தண்ணீர்ப் பரிசோதனை. தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் பகுதியில் நிலமும் கிணறும் கெட்ட கதைதான் 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்ற தீர்ப்பைப் பெற்றது. பச்சையாகத் தெரிகிற தென்னையை நம்பாதீர்கள். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். கிணற்று மாதிரியைத் தரகர் கொண்டுவந்து தர வேண்டாம், மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு நீங்களே பிடியுங்கள். எங்கே கொடுப்பது என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். மின்கடத்துதிறன் 3 டெசிசைமனைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்குச் சிரமம். அந்த முடிவுத்தாளை வைத்துக்கொண்டு விலையையும் பேசலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம்.

கமிஷன் எவ்வளவு, அதில் எந்தெந்த வேலை அடங்கும், இதற்கு மேல் எதுவும் இல்லை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அட்வான்ஸ் அன்றே முழுவதையும் கொடுத்துவிட வேண்டாம். பாதியைப் பத்திரம் பதிவான அன்று கொடுங்கள். மீதியைப் பட்டாவில் உங்கள் பெயரைப் பார்த்த பிறகு, வங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்கள்.