குழந்தைகளின் ஈளைநோய்: நாடுகளின் கணக்கும் நம் சொல்லும்

ஒரு நாட்டில் எத்தனை குழந்தைகளுக்கு ஆஸ்துமா எனப்படும் ஈளைநோய் உள்ளது என்னும் வினா, மருத்துவர்க்கு மட்டுமே உரியது போலத் தோன்றும். ஆயினும் அதற்கு விடை காண முற்பட்டோர் முதலில் எதிர்கொண்ட தடைகளுள் ஒன்று மொழி. ஆதலின், மொழி பயிற்றுவோரும் பயில்வோரும் கூடும் அவையில் இப்பொருளை ஆராய்வது பொருத்தமே.

மூச்சுக்குழாய்களின் உட்சுவர் வீங்கிச் சுற்றியுள்ள தசை இறுகும்போது காற்றுவழி குறுகுகிறது. அவ்வழியே காற்று செல்கையில் நெஞ்சில் சீழ்க்கை போன்ற ஒலி எழுகிறது. இந்நிலை வந்து வந்து மறைவது. மருத்துவர் காணும் நேரத்தில் இல்லாமலும் போகலாம். எனவே, பல்லாயிரம் பிள்ளைகளைக் கணக்கிடுவோர், கடந்த 12 மாதங்களில் அவ்வொலி எழுந்ததா என்று கேட்டறியும் முறையைக் கைக்கொண்டனர்.

இம்முறையில் அமைந்த பேராய்வு, 1991இல் தொடங்கிய ‘ஐசாக்’ என்னும் பன்னாட்டு ஆய்வாகும். 1998இல் வெளிவந்த அதன் முதற்கட்ட முடிவுகள், 56 நாடுகளின் 155 மையங்களில் 13, 14 வயதுடைய நான்கரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவரிடமிருந்து திரட்டப்பட்டவை. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பிள்ளைகள் ‘ஆம்’ என்றனர். இந்தோனேசியா, சீனா, கிரேக்கம் ஆகியவற்றில் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை.

முன்னணியில் நின்ற நான்கும் ஆங்கிலம் வழங்கும் நாடுகள். அவ்வொலிக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் உண்டு. பிற மொழிகள் பலவற்றில் இல்லை. அப்படியாயின், வேறுபாடு நோயில் உள்ளதா, சொல்லில் உள்ளதா?

இவ்வையத்தின் வலிமையை நம் வழக்கிலேயே காணலாம். ‘இளைப்பு’ என்பது ஓடிக் களைத்தவனின் சோர்வையும் குறிக்கும், மூச்சுத்தடையையும் குறிக்கும். ‘இழுப்பு’ என்றால் ஒருவர் ஈளையை நினைப்பார். மற்றொருவர் வலிப்பை நினைப்பார். மலாய்மொழியின் ‘லெலா’ என்னும் சொல்லும் களைப்பையும் இந்நோயையும் ஒருங்கே சுட்டுகிறது. ஈப்போவில் ஒரே தெருவில் வாழும் இரு தாய்மார், ஒரே வினாவுக்கு இருவேறு பொருள் கொண்டு விடை கூறக்கூடும்.

இத்தடையைக் கடக்க ஆய்வாளர் ஒளிப்படக் காட்சியை நாடினர். மூச்சுத்திணறும் இளையோரைத் திரையில் காட்டி, ‘உன் மூச்சு இவ்வாறு இருந்ததுண்டா?’ என்று மட்டும் வினவினர். அப்போதும் நாடுகளின் வரிசை பெரிதும் மாறவில்லை. ஆகவே, வேறுபாடு சொல்லால் மட்டும் விளைந்ததன்று; உண்மையானதே.

அதன் காரணம் இன்னும் முழுமையாகத் துலங்கவில்லை. புகையே காரணம் எனின், ஜெர்மனி அதனை மறுக்கிறது: இரு பகுதிகளும் இணைந்த காலத்தில், காற்று மிக மாசுற்றிருந்த கிழக்கைவிட மேற்கிலேயே ஈளை மிகுந்திருந்தது. எத்தியோப்பியாவின் ஜிம்மா வட்டாரத்தில் சிற்றூரைவிட நகரத்தில் மூச்சொலி மிகுதி. புகை, நோயுற்ற பிள்ளையை வருத்தும் என்பது உறுதி. 1997, 2015ஆம் ஆண்டுகளின் புகைமூட்டத்தை நாம் மறக்கவில்லை. ஆனால், வாழ்க்கை முறையின் மாற்றமும் இந்நோய்ப் பரவலோடு தொடர்புடையது எனக் கருத இடமுண்டு. பால்மரத் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட, பேராக்கின் லயங்களை நீங்கி நகர் சேர்ந்த குடும்பங்களுக்கு இது வேற்று நாட்டுச் செய்தியன்று.

பின்னர் வந்த முடிவொன்று இதனினும் கருதத்தக்கது. செல்வ நாடுகளில் மூச்சொலி உடையோர் மிகுதி. ஆயினும், மூச்சொலி உடையோருள் கடுந்துன்பம் அடைவோரின் விகிதம் வறிய நாடுகளிலேயே மிகுதி. அங்கு நோய் இன்னதென்று பெயரிடப்படாமலே பல பிள்ளைகள் வாழ்கின்றனர். பெயரிடப்படாத நோய்க்கு உரிய மருந்து கிட்டுவதில்லை.

இங்கேதான் ஆசிரியர் பணி தொடங்குகிறது. இரவெல்லாம் இருமி வகுப்பில் உறங்கும் மாணவனைச் சோம்பேறி என்றும், திடலில் ஓட்டத்தை நிறுத்தும் மாணவியை ஊக்கமற்றவள் என்றும் நாம் கருதிவிடலாகாது. “களைப்பா?” என்று கேட்பதோடு நில்லாமல், “மூச்சு விடும்போது நெஞ்சில் சீழ்க்கை போல ஒலி கேட்கிறதா? இரவில் இருமல் எழுப்புகிறதா?” என்று தெளிவாகக் கேட்போம். ‘ஆம்’ எனின் பெற்றோரிடம் கூறி மருத்துவரிடம் அனுப்புவோம். பொருள் மயங்காத ஒரு வினா, ஒரு பிள்ளையின் மூச்சைக் காக்கும்.