இனத்துக்கு எல்லை எது?

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, றிவஸ்டன் வழியாக லக்கலப் பிரதேசத்துக்குச் செல்லும் பாதை, முகில் தவழும் நக்கிள்ஸ் மலைகளைக் கடந்து இறங்குகிறது. கூர்ப்புக் கொள்கையை நூல்களில் மட்டும் கற்கும் மாணவர்க்கு, அதன் கடினமான வினாவை இம்மலைகளே எடுத்துரைக்கின்றன: ஓர் இனம் எங்கே முடிகிறது, மற்றோர் இனம் எங்கே தொடங்குகிறது?

இம்மலைக் காட்டில் ஓர் ஓணான் உண்டு. வளர்ந்தாலும் சில அங்குல நீளமே. முட்டையிடாது குட்டி ஈனும். இதையொத்த ஓணான் நுவரெலியாப் பகுதியிலும் ஹோட்டன் சமவெளியிலும் வாழ்கிறது. அதற்குக் 'கொபோட்டிஸ் சிலானிக்கா' என 1861இல் பீட்டர்ஸ் பெயரிட்டார். நக்கிள்ஸ் ஓணானும் அதுவே என்று நெடுங்காலம் கருதினர். 2006இல் ஆய்வாளர் அதைத் தனியினமாகப் பிரித்துக் 'கொபோட்டிஸ் தும்பற' என்றனர். அதே ஆண்டில் வேறொரு குழுவினரும் அதற்கு ஏறத்தாழ அதே பெயரைச் சூட்டினர். முதலில் வெளியான பெயரே செல்லும் என்பது விதி. ஆதலால் பெயர் வழக்கு எளிதில் தீர்ந்தது.

இனம் பற்றிய வழக்கோ அவ்வாறு தீர்வதன்று. இயற்கையில் தமக்குள் கலந்து பெருகிப் பிறவற்றோடு கலவாத கூட்டமே இனம் என்று 1942இல் எர்ணஸ்ட் மயர் வரையறுத்தார். ஆனால் இவ்விரு ஓணான்களுக்கும் இடையே மகாவலிப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. குளிர்ந்த மலைக்காட்டை விட்டு இறங்காத உயிர்கள் வெப்பம் மிக்க அப்பள்ளத்தைக் கடப்பதெங்ஙனம்? சந்திக்காத இரண்டும் கலக்குமா என்பதை இயற்கையில் எவர் சோதிப்பார்? எனவே, செதில், உடலளவு, மரபணு ஆகியவற்றைக் கொண்டே தீர்ப்புக் கூற வேண்டியுள்ளது. எவ்வளவு வேற்றுமை போதும் என்பதிலேதான் அறிஞர் பிணங்குகின்றனர்.

இப்பிணக்கைக் காட்டிக் கூர்ப்புக் கொள்கையே ஆட்டங் கண்டதென்பாரும் உளர். நான் அதற்கு உடன்படேன். உயிரினங்கள் மெல்ல மெல்லப் பிரிவது உண்மையாயின், முற்றும் பிரியாதனவும் அண்மையிற் பிரிந்தனவும் நம் கண்ணிற் படத்தானே வேண்டும்? வகையென்பது தோன்றிவரும் இனமே என 1859இல் டார்வின் கண்டதும் இதுவன்றோ?

ஆயினும் இது வெறும் சொற்போரன்று. நக்கிள்ஸ் ஓணான் அழிந்தால், பழைய கணக்கில் பரவலான ஓரினத்தின் ஒரு மூலை குறைந்ததாகும். புதிய கணக்கில் உலகிலிருந்தே ஓரினம் மறைந்ததாகும். இம்மலைத்தொடர் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கு எதைக் காக்கிறோம் என்று அறிவதற்கேனும், எல்லை வகுக்கும் இவ்வழக்கை நாம் பொறுமையுடன் கேட்டாக வேண்டும்.